ரோலண்டின் எடை ஏன் இறங்கவில்லை

காலையில் மூன்று முட்டை, வெண்ணெயில் பொரித்தது. கூடவே நாலு கீற்று பேக்கன். காப்பியில் பாலுக்குப் பதில் கெட்டி கிரீம். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியின் உணவு நிபுணர். உங்கள் தாளில், நோயாளி கடந்த ஒன்பது மாதமாக என்ன சாப்பிட்டார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை என் கணவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டது நல்லதாகப் போயிற்று. அவருக்குத் தட்டில் வந்ததுதான் தெரியும். சமைத்தவள் நான்.

இரண்டு டாக்டர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரியிலிருந்து மாவையும் சர்க்கரையையும் ஒதுக்கிக் கீட்டோப் பத்தியம் இருந்த மனிதருக்குச் செப்டம்பர் வரை ஏன் எடை இறங்கவே இல்லை, தைராய்டா, வேறு சுரப்பியில் கோளாறா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். அது வேண்டாம். ரோலண்டின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. காரணம் இல்லாமல் அவரை மேஜையில் படுக்கவைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவருடைய மூத்த தாரத்து மகள் ஜானெல். முப்பத்துநாலு வயது. இரண்டு சிறுநீரகமும் போய், நாலு வருஷமாக டயாலிசிஸில் இருந்தாள். கையில் ஊசி ஏற்ற நரம்பே மிச்சமில்லாமல் கழுத்தில் குழாய் போட வேண்டிய நிலை வந்தபோது, இலையுதிர்காலத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய அம்மாவின் இரத்தம் ஒத்துவரவில்லை. ரோலண்டுடையது ஒத்துவந்தது. சர்க்கரை இல்லை, இதயம் திடம். எடை மட்டும்தான் இடித்தது. இருநூற்று எழுபத்தொரு பவுண்டு இருந்தார். இருநூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால் மறுநாளே கத்தி வைக்கத் தயார் என்றார்கள்.

அன்றே அவர் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பியர் எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றினார். தண்ணீருக்குப் பதில் பியர் குடிக்கிற விஸ்கான்சின்காரர் அதைக் கொட்டுகிறார் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை செய்யும் மாட்டுத்தீவன ஆலையில் டூயன் என்று ஒருவன் இருக்கிறான். கீட்டோ பிடித்து அறுபது பவுண்டு இறக்கியவன். கிறிஸ்துவைக் கண்டவன்போல் அதைப்பற்றியே பேசுவான். அவன்தான் குரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தீவன மூட்டை நிறுக்கிற தராசில் ரோலண்டை ஏற்றி, எடையைச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவான். ஆலையே கூடி நின்று பார்க்கும்.

முதல் பத்து நாளில் ஒன்பது பவுண்டு இறங்கியது. ஆலையில் கை தட்டினார்களாம். ரோலண்ட் வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் சிரித்தேன். அன்றைக்குத்தான் அந்த ஆபரேஷன் நிஜமாகவே நடந்துவிடும் என்று எனக்குப் பட்டது.

என் முதல் கணவர் கோர்டனைப் பற்றி உங்கள் தாளில் இடம் இருக்காது. குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், முக்கால் மணி நேரம் என்றார்கள். அவருடைய பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் மடியில் வைத்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பூட்ஸ் மட்டும்தான் என்னோடு வீடு திரும்பியது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் தனியாக இருந்தேன். ரோலண்ட் கிடைத்தார். ஒரு மனுஷிக்கு எத்தனை தடவைதான் அப்படி உட்கார முடியும். இதை யாரிடம் சொன்னாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே இரண்டாவது வாரத்திலிருந்து சர்க்கரை போட்டேன்.

கீட்டோக்காரர்களுக்கு என்று ஒரு போலிச் சர்க்கரை இருக்கிறது, பார்க்க அசல் மாதிரியே இருக்கும். அந்த டப்பாவைக் காலி செய்து அசலை நிரப்பினேன். அவர் ஆசையாகச் சாப்பிடும் சீஸ்கேக்கில், காப்பியில், காலிஃப்ளவர் மசியலில்கூட ஒரு கரண்டி. பாதாம் மாவு ரொட்டியில் பாதி கோதுமை மாவு. பாதிக்கு மேல் போட்டால் ரொட்டி நன்றாக உப்பிவிடும், சந்தேகம் வரும். அளவு பார்த்துத்தான் செய்தேன். எதையும் அளவோடு செய்கிறவள் நான்.

"இந்தப் போலிச் சக்கரக்காரனுங்க கெட்டிக்காரனுங்கதான் மார்லீஸ்," என்றார் ரோலண்ட். "முதல் டப்பா வாயில ஜில்லுனு என்னமோ மாதிரி இருந்துச்சு. இது நெஜமாவே சக்கர மாதிரியே இருக்கே."

"வேற கம்பெனி," என்றேன்.

"இதையே வாங்கு."

இதையேதான் வாங்கினேன்.

மார்ச் முடிவில் இருநூற்று அறுபத்தாறு. மே மாதம் இருநூற்று அறுபத்தொன்பது. அவர் பொய் சொல்கிறார், திருட்டுத்தனமாக எங்கேயோ தின்கிறார் என்று ஆலையில் பேச்சு கிளம்பியது. டூயன் ஒருநாள் வீட்டுக்கே வந்து என் சமையலறையில் நின்று விசாரணை நடத்தினான்.

"உண்மையச் சொல்லுடா ரோலி. டோனட் கடைப்பக்கம் போறியா?"

"என் பொண்ணு மேல சத்தியமா இல்லடா."

"அப்ப பட்டிய காட்டு."

பட்டி என்றால் சிறுநீரில் நனைக்கிற காகிதத் துண்டு. உடம்பு கொழுப்பை எரித்தால் அது ஊதாவாக மாறும். ரோலண்டின் பட்டி வெளுத்துப்போய்க் கிடந்தது. முட்டாளுக்குக்கூட அங்கே விஷயம் புரிந்திருக்க வேண்டும். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே, எல்லாம் இத்தோடு முடிந்தது என்று நின்றிருந்தேன். டூயன் பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அட மடையா, இது நல்ல சேதிடா. உடம்பு பழகிடுச்சு. எரிக்கிறத எல்லாம் அதுவே தின்னுடுது, வெளிய விடுறதே இல்ல. அதான் நெறம் வரல."

"அப்ப எட?"

"தேக்கம்டா. எல்லாருக்கும் வரும். திடீர்னு ஒருநாள் மடை திறந்த மாதிரி இறங்கும் பாரு. அதுவரைக்கும் இன்னும் வெண்ணெ சேத்துக்க."

இன்டர்நெட்டில் அவர்கள் கூட்டத்தில் கேட்டபோதும் நூறு பேர் இதையே சொன்னார்கள். வெண்ணெய் சேர்த்துக்கொண்டார். என் சர்க்கரையோடு வெண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்கள் படித்தவர். என்னைவிட அந்த நல்ல மனிதர்கள்தான் அதிகம் செய்தார்கள் என்றுகூடச் சில சமயம் நினைப்பேன்.

ரோலண்ட் விடிவதற்கு முன்னால் எழுந்து நடக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டை நிறுத்தினார். முழங்கால் வீங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஆலையில் தராசிலிருந்து இறங்கியவர் வண்டியில் உட்கார்ந்து அழுதார் என்று டூயன் போன் செய்து சொன்னான். எனக்கும் அழுகை வந்தது. நான் அவரை நேசிக்கிறேன், அதை எழுதிக்கொண்டீர்களா?

ஜூலையில் ஜானெல் வந்தாள். கோடையில் ஒரு வாரம் எங்களோடு இருப்பது வழக்கம். பாதியாக இளைத்திருந்தாள், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது. பதினோரு வருஷத்தில் அவள் என்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டாள். நானும் அதற்குமேல் எதிர்பார்த்ததில்லை. ஆனால் அவள் வந்தால் ரோலண்டுக்கு நான் கண்ணில் படமாட்டேன். அவருடைய நாற்காலி அவளுடைய நாற்காலியின் பக்கமாகத் திரும்பிவிடும். அவருடைய உடம்பில் ஒரு பாகமும் அவளிடம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் நடக்கப் போயிருந்த ஒரு காலையில் அவள் காப்பி போட வந்தாள். அலமாரியில் அந்த டப்பாவைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கிடந்தது.

"மார்லீஸ், போலிச் சக்கரைக்கு எறும்பு வருமா?"

"ஈரம் பட்டிருக்கும்."

அவள் விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகு ஈரத்துணி எடுத்து எறும்பை எல்லாம் துடைத்துவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படறீங்களா?"

"ஆமாம்."

"எனக்கும் பயந்தான். பாதி நாள் வேணாம்னு சொல்லிடலாமான்னு இருக்கும். ஆனா நான் சாக விரும்பல மார்லீஸ்." சத்தம் உயரவில்லை அவளுக்கு. "அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களும் இல்லாம போயிட்டா அவர் தாங்கமாட்டார். நீங்களா நிறுத்திடுங்க. அவர் இளைக்கட்டும்."

நிறுத்தினேன். நம்ப வேண்டும். ஒன்பது நாள் டப்பாவில் போலிச் சர்க்கரையே இருந்தது. ஆறு பவுண்டு இறங்கியது. பட்டி ஊதாவாக மாறியது. டூயன் மடை திறந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னான். ரோலண்ட் சிறுநீரகம் மாற்றப்போகிற நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, செப்டம்பரில் தேதி கிடைக்குமா என்று கேட்டார். தேதி என்ற சொல்லைக் கேட்டதும் என் மடியில் அந்தப் பூட்ஸ் பையின் கனம் தெரிந்தது. மறுநாள் ரொட்டி சுட்டேன், கோதுமை மாவு கலந்து.

ஜானெலுக்கு எடை இறங்காத செய்தி ஒவ்வொரு வாரமும் போயிற்று. அவள் எனக்குப் போன் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ரோலண்டிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை போனை நான் எடுத்தேன். "அப்பா எவ்வளவு இருக்கார்?" என்று கேட்டாள். "இருநூத்தி எழுபது," என்றேன். "சரி," என்றாள். அவரைக் கூப்பிடச் சொல்லவில்லை, வைத்துவிட்டாள்.

அக்டோபர் முதல் வாரத்தில், கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ஏறி இரத்தத்தில் பரவி, இரண்டே நாளில் போய்விட்டாள். அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள். ரோலண்ட் தட்டைத் தொடவில்லை. "வாயக் கட்ட முடியலடா எனக்கு," என்று டூயனின் தோளில் விழுந்தார். "பெத்த பொண்ணுக்காக வாயக் கட்ட முடியல." டூயன் அவரைத் தட்டிக்கொடுத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவருக்கு வலி கூடியிருக்கும், குறைந்திருக்காது.

அன்றிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கறுப்புக் காப்பி, ஒரு பிஸ்கட், சில நாள் அதுவும் இல்லை. மான் வேட்டைக்குத் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. போன வெள்ளிக்கிழமை ஆலையில் விழுந்துவிட்டார், இங்கே கொண்டுவந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை அவருக்குத் தெரியாமல் சர்க்கரையும் கோதுமை மாவும் போட்டது நான்தான், எதற்காக என்று தெரிந்தே போட்டேன். நாளைக்குக் குழாய் விடுவதை நிறுத்துங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

இன்னொன்று, இது உங்கள் தாளுக்கு வேண்டாம், மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இன்று காலை நர்ஸ் அவரைத் தாங்கிப்பிடித்துத் தராசில் நிறுத்தினாள். இருநூற்று முப்பத்தாறு. ஏழு வாரத்தில், டூயன் இல்லை, பட்டி இல்லை, யாரும் கை தட்டவில்லை. நான் ஒரு சிட்டிகைகூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மனசு வைத்தால் அவரால் முடியும் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது அவர் ஏன் இந்த அளவுக்கு மனசு வைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.