மூணாவது பூச்சு

...அந்தப் பேர என் காதுல போடாதீங்கன்னேன்! கலீல் பாய் ஷெட்டாம், ஷெட்டு! சத்திரத்துல வந்து எறங்குற அத்தன பேரும் இதே கேள்விதான். ஒக்காருங்கண்ணே. ஏம்ப்பா, ரெண்டு டீ போடு, ஒண்ணு சக்கர தூக்கலா... உங்களுக்கு என்ன வண்டி? லாரியா? யுத்தத்துல ஓடுனதா? இஞ்சினப் பிரிச்சு வேல பாக்கணுமா? சரியாப் போச்சு!

என் கதையக் கேட்டுட்டு அப்புறம் போங்க. நான் நல்லதம்பி. இந்த ஸ்டாண்டுல டாக்சி ஓட்டுறேன்... ஓட்டுனேன். அந்தா, வேப்ப மரத்தடியில சாக்கு போத்திக் கெடக்கே, அதுதான் நம்ம வண்டி. முப்பத்தெட்டாம் வருசத்து செவர்லே. இந்த அம்பத்தெட்டோட இருவது வயசு. அந்தாளு இஞ்சினப் பிரிச்சு மூடுன எட்டாம் நாளு, காவேரிப் பாலத்து நடுவுல கடகடகடன்னு அடிச்சுக்கிட்டு நின்னுபோச்சு. உள்ள யாருங்கிறீங்க? சமயபுரத்துக்கு மொட்ட போடப் போற குடும்பம். ஆறு பேரு, நேந்துவிட்ட ஆடு ஒண்ணு. அத்தன பேரும் என்னத் திட்டுனாங்க. ஆடு மட்டுந்தான் சந்தோசமா எறங்கி நின்னுச்சு.

எல்லாம் எதனாலங்கிறீங்க? கஞ்சத்தனம்! காசுல இல்லண்ணே, பூச்சுல! இஞ்சினுக்கு அடியில ஆயில் தொட்டி இருக்குல்ல, சம்பு, அதுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கார்க்கு கேஸ்கட் வெப்பாங்க. ஆயில் ஒழுகாம இருக்க அதுல அரக்கு பூசணும். அரக்குன்னா என்ன, நாக்காலிக்கு பாலீஷ் போடுவாங்களே, அதே சமாச்சாரம்தான். ஸ்பிரிட்டுல ஊறப்போட்டு கொழகொழன்னு வெச்சிருப்பாரு. அந்த பாட்டில டிரங்குப் பொட்டியில பூட்டி வெச்சிருப்பாருங்க! மதுவிலக்கு இருக்குறப்ப ஸ்பிரிட்டு வாசன வந்தா விடுவானுவளா? கேஸ்கட் பாக்க வந்தேன்னு தெனம் நாலு பேரு பாட்டில மோந்துட்டுப் போவானுவ. ஒருத்தன் அதக் குடிச்சே பாத்துட்டான். ரெண்டு நாளு வாயத் தொறக்க முடியல. அவன் பொஞ்சாதி வந்து பாய்க்கு வாழப்பழம் குடுத்துட்டுப் போனா.

எங்க விட்டேன்... ஆங், பூச்சு. ஒரு ஒரு எடத்துக்கு ஒரு ஒரு சட்டம் வெச்சிருக்காரு அந்தாளு. மேல ஹெட்டுக்கு செம்புத் தகடு கேஸ்கட்டா, அதுல ஒண்ணுமே பூசக் கூடாது, சும்மா ஆயிலத் தொடச்சு வெச்சு முறுக்கணும். தண்ணி பம்புக்கு காயிதமா, கிரீஸ் போதும். சம்புக்கு மட்டும் அரக்கு, அதுவும் ஒரு பக்கந்தான், அதுவும் மெல்லிசா, விரல் வெச்சா ஒட்டுற பதத்துக்குக் காய விட்டு அப்புறந்தான் மூடணும். ஏன் பாய், ரெண்டு பக்கமும் பூசுனா என்னன்னு கேட்டேன். "அடுத்த தடவ கழட்ட வேணாமாய்யா"ங்கிறாரு! மூடுறதுக்கு முன்னாலயே கழட்டுறதப் பத்திப் பேசுறாருங்க. அபசகுனமா இல்ல?

அதுக்குத்தான் சொல்றேன், எதிர்த்தாப்புல அருள்நாதன் ஷெட்டுக்குப் போங்க. அவன் தாராளமா பூசுவான். சவுக்காரம்கூட தேய்ப்பான். வண்டி ஓடுமான்னு கேக்காதீங்க, வாசனையா இருக்கும்.

என்ன சிரிக்கிறீங்க? பாயோட பூச்சு பத்தாதுங்கிறேன். நான் அதுக்கு மேல மூணு தடவ பூசியும்...

என்ன பாக்குறீங்க? டீயக் குடிங்க, ஆறிடும்.

சரி... பூசுனேன். அன்னைக்கு வெள்ளிக்கெழம. பாய் மெல்லிசா ஒரு பூச்சு பூசி கார்க்க வெச்சுட்டு, "காயட்டும், கைய வெக்காத"ன்னுட்டு பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு. தொழுதுட்டு, சாப்ட்டுட்டு, ஆடி அசைஞ்சு வர மூணு மணி ஆயிடும். மூணு மணிக்கு எமகண்டம்! எமகண்டத்துல மூடுன இஞ்சின்ல எவன் ஏறுவான்? என் பொஞ்சாதி செல்லக்கிளிதான் மூணுக்குள்ள மூடிடணும்னா... இல்ல, அவ ஒண்ணும் சொல்லல, பாவம், அவ மேல ஏன் பழி. நாந்தான் காலண்டரப் பாத்தேன். அந்தப் பூச்சப் பாத்தா பூசுன மாதிரியே இல்ல. கொட்டாங்குச்சியில அரக்கு பாதிக்கு மேல மிச்சம் கெடக்கு. வீணாப் போவுமேன்னு எடுத்து ஒண்ணு... ரெண்டு... மூணாவது பூச்சு தோச மாதிரி வந்துச்சு. ஈரத்தோட மாட்டி, ஸ்பேனரப் போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கிட்டேன். வெளில பிதுங்குனத துணியால தொடச்சேன். பாய் வந்து கேட்டப்ப, காஞ்சிடுச்சு, அப்படியே மூடிட்டேன்னு சொல்லிட்டேன். உள்ள பிதுங்குனத யாருங்க தொடைக்கிறது? அரக்கு ஆயில்ல கரையாதாமே. கரையாததாலதான் அதப் பூசுறாங்க. கட்டி கட்டியா ஒடஞ்சு விழுந்து, ஆயில் உறிஞ்சுற பம்பு வாயில ஒரு சல்லட இருக்கு பாருங்க, அதப் போயி அடச்சிக்கிச்சு. ஆயில் ஏறல, பேரிங் வெந்துபோச்சு.

பாய் பாலத்துக்கே ஓடி வந்தாரு. வண்டிக்கு அடியில குனிஞ்சு, சம்பு விளிம்புல நான் தொடைக்காம விட்ட அரக்கப் பாத்துட்டு, "நல்லதம்பி, மேல பூசுனியா?"ன்னாரு. ஸ்டாண்டே அவரு கூட வந்து சுத்தி நிக்குது. நான்... சமயபுரத்தா மேல சத்தியமா நான் அரக்கத் தொடலன்னுட்டேன்.

சண்ட போட்டிருந்தாலும் பரவால்லண்ணே. "பூசாம எப்படிடா பிதுங்கும்"னு என் சட்டையப் புடிச்சிருந்தா நானும் ரெண்டு கத்து கத்திட்டுப் போயிருப்பேன். அந்த மனுசன், "ஆத்தா மேல சொல்லிட்டியா... அப்ப என் கைதான் தப்பு"ன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான். அதுலேர்ந்து இஞ்சின் வேல எது வந்தாலும், "எனக்குக் கண்ணும் கையும் சரியில்ல, எதிர்த்தாப்புல போங்க"ன்னு அவரே அனுப்பிடுறாரு. மூணு மாசமா பஞ்சர் ஒட்டுறாரு. இருவத்தஞ்சு வருசமா இஞ்சின் பிரிச்ச மனுசன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுறாரு!

அதனாலதாங்க யாரையும் அங்க அனுப்புறதில்ல. போனா அவரு அந்த வார்த்தையச் சொல்லுவாரு. எனக்குக் கேக்க முடியல. கோவம் கோவமா வருது. யாரு மேலன்னுதான் தெரியல... தெரியும், விடுங்க.

இதப் பாருங்க. இந்தப் பொடி டப்பாவுல. போன மாசம் ஸ்டாண்டுல ஆளில்லாதப்ப வண்டிக்கு அடியில பூந்து சம்பக் கழட்டினேன். அதுல இருந்துச்சு. கருப்பட்டித் துண்டுன்னு நெனச்சு வாயில போட்டுடாதீங்க, அரக்கு! தூக்கிப் போடலாம்னு ரெண்டு தடவ ஆத்தங்கர வரைக்கும் போனேன். மனசு வரல.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. பாய் ஷெட்டுக்கே போங்க. அருள்நாதன்கிட்ட வேணாம், உங்க லாரி நல்லா இருக்கட்டும். பாய் வேணாம்னுதான் சொல்லுவாரு, விடாதீங்க. உங்க கை சரியாத்தான் இருக்கு, மூணு தடவ பூசுனது நல்லதம்பின்னு... ஆனா ஸ்டாண்டு ஆளுங்க காதுல விழாம சொல்லுங்க. என்னது? நானே வந்து சொல்லணுமா? நல்லா இருக்குங்க உங்க ஞாயம்! ஆத்தா மேல பொய்ச் சத்தியம் பண்ணுனேன்னு இத்தன பேரு முன்னாடியா? செல்லக்கிளி வீட்டுக்குள்ள விடுவாளா? நாளைக்கு... நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னைக்கு நாளும் சரியில்ல...

அண்ணே! டப்பாவ எங்க எடுத்துட்டுப் போறீங்க? அண்ணே... அட, சொன்னா கேளுங்க! யோவ், டீய என் கணக்குல எழுதிக்க... இருங்கண்ணே, செருப்ப மாட்டிக்கிறேன்... வரேன், வரேன்னு சொல்றேன்ல! மெதுவா நடங்க! போயி என்ன பேசுறதுன்னு நான் யோசிக்க வேணாமா?