ஜீப்புல வந்த குரல்

இப்ப கேக்குதா சார்? இன்னும் தள்ளி உக்காரணுமா? நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையை ஆட்டுறது, வான்னு கூப்பிடுறீங்களா போன்னு விரட்டுறீங்களான்னே புரியல. ஆங், இப்ப ஹெட்போன்ல வருது, சொல்லுங்க. மூச்சு மைக்ல அடிக்குதா. உப்பைக் குறைன்னு டாக்டர் சொல்றாரு, மூச்சைக் குறைன்னு நீங்க சொல்றீங்க. குறைச்சுக்கிறேன்.

கண்காட்சி மேடம் வர்ற வரைக்கும் அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க. அவங்க இப்போதைக்கு வர மாட்டாங்க, ஃபோன்ல இருக்காங்க. எப்படிப் பேசுவாங்கன்னு கேளுங்க. ஆ... ஆமா... இல்லங்க, அப்படி இல்லங்க... ரைட், ரைட், ரைட். அந்த மூணாவது ரைட்டுல லேசா மூக்கடைக்கும், கவனிச்சீங்களா? பாருங்க, சிரிக்கிறீங்க. கண்ணாடி சத்தத்தத்தான் மறைக்கும் சார், தோளு குலுங்குறத மறைக்காது.

முதல் பேப்பர்ல இருந்த பேச்சு சரியாப் பதிவாச்சா? இல்ல, நடுவுல உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, அதான் கேட்டேன். தோழர்களேன்னு சொல்லி நிறுத்தினேன்ல, அங்க. அது என் சரக்கு இல்ல, தலைவரோடது. அவரு அப்படித்தான் நிறுத்துவாரு. புதுசா கேக்கிறவன், ஐயோ பாவம் மனுஷன் பேச வந்ததை மறந்துட்டாருன்னு நினைப்பான். மறந்திருக்க மாட்டாரு. கடைசி வரிசைல எவனாவது சிகரெட் பத்த வச்சிக்கிட்டு இருப்பான், அவன் தலை தூக்குற வரைக்கும் நிப்பாரு. அப்புறம்தான் அடுத்த வார்த்தை.

தலைவர்னதும் பெரிய மனுஷன்னு நினைச்சுக்காதீங்க. எங்க மில்லுல பிட்டரு. நூல் மெஷின் மக்கர் பண்ணா அடியில படுத்துக்கிட்டு சரி பண்றவரு. நகக்கண்ணுல கிரீஸு போகவே போகாது. மந்திரி கூடக் கை குலுக்கினாரு ஒரு தடவ. மந்திரி அந்தக் கைய அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டே நின்னாரு. அதையும் நான் செஞ்சு காட்டுவேன், ஆனா உங்க மைக்ல அது விழாதே.

பேச்ச மேடம் கொஞ்சம் கழுவித் துடைச்சு வச்சிட்டாங்க, பாத்தீங்களா? இயற்கை உபாதைன்னு எழுதியிருக்காங்க. தலைவர் அப்படியெல்லாம் சொல்லல சார். எங்க செக்‌ஷன் முழுக்கப் பொம்பளைங்க. கக்கூசு போகணும்னா மேஸ்திரிகிட்ட ஒரு தகர வில்லை இருக்கும், அத வாங்கிக்கிட்டுத்தான் போகணும். அத்தனை பேருக்கும் ஒரே வில்லை. போனவ திரும்பி வந்து அத அவன் கைல குடுத்தாத்தான் அடுத்தவ போகலாம். அந்தாளு அத சட்டைப் பையில வச்சிக்கிட்டு, யாருக்கு அவசரம், யாருக்கு ரொம்ப அவசரம்னு கேட்டுச் சிரிப்பான். ஒரு நாள் மாசமா இருந்த பொண்ணு ஒண்ணு, மெஷின்கிட்ட நின்னபடியே ஆயிடுச்சு. அதுக்கு அபராதம் போட்டான், தரையை நாசம் பண்ணதுக்கு.

மறுநாள் வாசல்ல தலைவர் என்ன சொன்னாருன்னா, தோழர்களே... மூத்திரம் போக அனுமதி கேக்கிற மாட்டை எவனாவது பாத்திருக்கியா? அவ்வளவுதான் பேச்சு. முழுப் பேச்சும் அதான். கேட்டவங்க முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா சிரிப்ப நிறுத்தினாங்க. நிறுத்துற சத்தம் கேக்கும் சார், நம்ம தொழில்ல இருக்கிறவனுக்கு அது கேக்கும். மறுநாள் மெஷின் ஓடல. இப்ப என்னடான்னா, இயற்கை உபாதை. ஆபீசர் லீவ் கேக்கிற மாதிரி இருக்கு.

மில்லு இருந்த இடத்துலதான் இப்ப இந்தக் கடைங்க, சினிமா எல்லாம். பஞ்சு சுத்தம் பண்ற ஹால்லதான் மில்லு கதையச் சொல்ற இந்தக் கண்காட்சிய வைக்கிறாங்க. கீழ செருப்புக் கடைல ஒரு பொண்ணு நிக்குது, காலைல வரும்போது கேட்டேன், ஏம்மா உக்கார ஸ்டூல் இல்லையான்னு. உக்காந்தா கேமராவுல தெரியுமாம். பாத்ரூம் போனா கார்டு தேய்க்கணுமாம், அந்த நேரத்த சம்பளத்துல கழிச்சிடுவாங்களாம். அதச் சிரிச்சிக்கிட்டே சொல்லுச்சு சார். சங்கம் இல்லையான்னு கேட்டேன். எந்தக் கடைன்னு கேட்டுச்சு.

சரி விடுங்க. எனக்குக் கிளின்னு பேரு வச்சதே தலைவர்தான். சங்க ஆண்டு விழான்னா நான்தான் கடைசி நிகழ்ச்சி. மேனேஜர் செய்வேன், டைம் ஆபீஸ் கிளார்க் செய்வேன், மத்தியானம் சைரன் அடிக்குமே, அதக்கூட செய்வேன். ஒரு தடவ செக்‌ஷனுக்குள்ள சும்மா அடிச்சுக் காட்டினேன், பாதிப் பேரு சாப்பாட்டுத் தூக்கோட வெளிய வந்துட்டாங்க. கடைசியா தலைவரச் செய்வேன். அவரு முன்வரிசைல உக்காந்து கண்ணுல தண்ணி வரச் சிரிப்பாரு. டேய் கிளி, நான் செத்தாக்கூட சங்கத்துக்கு நஷ்டம் இல்லடான்னு சொன்னாரு.

என்ன கேட்டீங்க? கிளி நான்தானான்னா? மேடம் சொல்லலையா உங்ககிட்ட?

ஓ. உங்கப்பா நம்ம மில்லா. எந்த டிபார்ட்மென்ட்டு? ரிங் ஃபிரேமா. அப்படின்னா அவரு என்மேல துப்பியிருக்கலாம் சார். தப்பா எடுத்துக்காதீங்க, ரிங் ஃபிரேம்காரங்கதான் அதுல முதல் ஆளுங்க. இருக்காரா? படுக்கையா... ஐயோ பாவம். பேச்சு இருக்கா? அது போதும்.

அதான் உங்க மூஞ்சி மாறுச்சு. அந்தக் குரலப் பத்தி வீட்டுல அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. என்னப் பத்தியும் கேட்டிருப்பீங்க. இல்ல இல்ல, மழுப்ப வேணாம். சுவத்துல மாட்டப் போற எழுத்த நானே படிச்சேன். ரேடியோ நியூஸ்காரர் குரல்ல படிச்சா நல்லா இருக்கும், கேளுங்க. கைது செய்யப்பட்டிருந்த தலைவரின் குரலில், காவல்துறை ஜீப்பிலிருந்து பேசி, வேலைநிறுத்தத்தை முறியடிக்க முயன்றார், கிளி என்று அழைக்கப்பட்ட, பலகுரல் கலைஞர். கலைஞர்னு போட்டிருக்காங்க பாருங்க. துரோகின்னு போட்டுட்டு அதுக்குப் பக்கத்துல ஒரு மரியாதை.

அதனாலதான் ரெண்டு பேப்பர். சுவத்துல ரெண்டு பட்டன் வைக்கிறாங்களாம். ஒண்ணு அசல், அந்த வாசல் பேச்சு. ஒண்ணு போலி, ஜீப்புப் பேச்சு. ரெண்டுக்கும் ஒரே தொண்டை, அவங்களுக்கு வண்டிச் செலவு மிச்சம். தலைவர் குரல்னு ஒண்ணும் இப்ப இல்லையே. சங்க ஆபீஸ்ல இருந்த கேசட்டெல்லாம் போலீஸ் மூட்டை கட்டிக்கிட்டுப் போனதுதான்.

என் பொண்ணு நேத்து கூப்பிட்டா. டீச்சரா இருக்கா. அவ ஸ்கூல்ல பசங்களை இங்க கூட்டிக்கிட்டு வரப்போறாங்களாம். அப்பா, முதல்ல இருக்கிறத மட்டும் செஞ்சிட்டு வந்துடுங்க, ரெண்டாவது வேணாம், உங்க குரல நீங்களே அங்க கொண்டுபோய் வச்சிட்டு வந்தீங்கன்னா இனிமே என் வீட்டுப் படி ஏறாதீங்கன்னு சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல. பசங்ககிட்ட வீட்டுப்பாடம் சொல்ற குரல். அத என்னால செய்ய முடியல சார், என் பொண்ணு குரல் மட்டும் எனக்கு வராது.

நான் வேணாம்னா வேற எவனையாவது கூட்டிக்கிட்டு வருவாங்க. அவன் தப்பாச் செய்வான். அத எப்படிச் சார் கேட்டுக்கிட்டு இருக்கிறது.

அன்னிக்கு நடந்தது உங்கப்பா சொல்லியிருப்பாரே. மெஷின் நின்னு ரொம்ப நாள் ஆயிடுச்சு. மில்லு ஆளுங்க இருந்த லைன் வீடுகள்ல ஒருத்தர் வீட்டுலயும் அடுப்பு எரியல. ராத்திரியோட ராத்திரியா தலைவரையும் என்னையும் தூக்கிட்டாங்க. காலைல ஜீப்பு லைனுக்குள்ள வருது, சுத்தித் தார்ப்பாய் கட்டியிருக்கு, மேல ஸ்பீக்கர். உள்ளருந்து தலைவர் குரல். தோழர்களே, பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சு, எல்லாரும் வேலைக்குப் போங்க. சனங்க அப்படியே நின்னுட்டாங்களாம். குரல் அவரோடதுதான், ஆனா எங்கயோ இடிக்குது. மூச்சு தப்பா விழுது. வார்த்தை வழுக்குது. அப்ப உங்க ரிங் ஃபிரேம்காரர் ஒருத்தர்தான் கத்தியிருக்காரு, அடேய், இது அவரு இல்லடா, கிளிடா, கிளிய வச்சுப் பேச வைக்கிறானுங்கடான்னு. ஜீப்பு மேல கல்லு விழுந்துச்சு. ஒருத்தரும் உள்ள போகல. அந்தக் கோவத்துலயே இன்னும் ஒரு மாசம் தாக்குப் பிடிச்சாங்க.

உங்கப்பாவும் கடைசி வரைக்கும் போகலையா? அத சொல்லும்போது அவரு குரல் எப்படி ஆகும்? ஆமா. ஆகும்ல.

ஜெயிச்சோமான்னா, எங்க சார். பசி ஜெயிச்சுது. அப்புறம் மில்லே போச்சு. ஆனா தலைவர் வெளிய வந்தப்ப மாலை போட்டுத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நான் வெளிய வந்தப்ப என் வீட்டுச் சாமான் தெருவுல கிடந்துச்சு. என் வீட்டம்மா ஒரே ஒரு தடவதான் கேட்டா, நீங்கதானான்னு. நான் ஒண்ணும் சொல்லல. அதோட என் மிமிக்ரிக்கு வீட்டுல யாரும் சிரிக்கிறதில்ல. அவ சாகுற வரைக்கும் சிரிக்கல. டைமிங் போயிடுச்சோன்னு பாத்தேன், வெளிய எல்லாரும் சிரிக்கத்தான் செஞ்சாங்க.

மேடம் இன்னும் வரலையே. சரி, ரெண்டாவதப் பாத்துடலாமா. இதுல பென்சில்ல ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க, போலின்னு தெரியுற மாதிரி அங்கங்க தடுமாறவும்னு.

என்ன சார்? இன்னொரு தடவ சொல்லுங்க, ஃபேன் சத்தத்துல கேக்கல.

இவ்வளவு கச்சிதமா செய்யிற ஆளு அன்னிக்கு ஏன் தடுமாறினீங்கன்னா?

இத்தனை வருஷத்துல இத ஒருத்தரும் கேக்கல சார். சத்தத்தோட வேலை செய்யிற ஆளு, அதான் உங்களுக்குத் தோணுது. அந்த ரெக்கார்டிங் லைட்டு அணைஞ்சுதானே இருக்கு? சரி.

நான் செஞ்சிருந்தா தடுமாறியிருக்காது. ஒரு பய கண்டுபிடிச்சிருக்க மாட்டான், எல்லாரும் அடுத்த சைரனுக்கே உள்ள போயிருப்பாங்க. என்னத்தான் முதல்ல பேசச் சொன்னானுங்க. நான் பெரிய வீரன் மாதிரி மாட்டேன்னு சொன்னேன்னு நினைக்காதீங்க, சரிங்க ஐயான்னுதான் சொன்னேன். ஆனா வாயத் தொறந்தா வரல. பயத்துல தொண்டை காஞ்சு, வெறும் காத்துதான் வருது. நடிக்கிறேன்னு நினைச்சுட்டானுங்க. அடி. மறுபடி பேசுடான்னான், மறுபடி காத்து. மறுபடி அடி. அப்பதான் பக்கத்து ரூம்லருந்து குரல் வந்துச்சு, அவன விடுங்கய்யா, நானே பேசுறேன்னு. தலைவர். அதுக்குள்ள அவருக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல.

உங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க.

வெளிய வந்தப்புறம் அவரு மேடையே ஏறல, தொண்டை சரியில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஒரே ஒரு தடவ, நாங்க குடிமாறிப் போயிருந்த ரூமைத் தேடிக்கிட்டு வந்தாரு. உக்காந்தாரு. அப்புறம், கிளி, என்னை மாதிரி கொஞ்சம் பேசுடான்னாரு. அந்த மாட்டுப் பேச்ச மெதுவாப் பேசினேன், பக்கத்து வீட்டுல கேட்டுடப் போகுதுன்னு. கண்ண மூடிக் கேட்டாரு. நல்லாருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போனாரு. அந்த வருஷமே போய்ச் சேந்துட்டாரு.

இதோ, செருப்புச் சத்தம் வருது, மேடம்தான். ஃபேனை நிறுத்திடுங்க. நான் ரெடி. தடுமாறவும்னுதான் எழுதியிருக்காங்க, எங்கெங்கன்னு எழுதல. அது எனக்குத் தெரியும் சார். தோழர்களேன்ற வார்த்தைலயே தோ வராது, பல்லு இருந்த இடத்துல காத்து போகும். பேச்சுவார்த்தைன்னு சொல்றதுக்கு முன்னாடி நிறுத்துவாரு. பழைய மாதிரி நிறுத்துறது இல்ல, சும்மா நின்னுடும், யாரோ பின்னாலருந்து குத்தினப்புறம் வரும். கடைசில போங்கன்னு முடிக்கிறாருல்ல, அது யார்கிட்டயும் சொல்ற மாதிரி இருக்காது.

லைட்டப் போடுங்க.