அரை மில்லிமீட்டர் கூடுதல்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் அதற்கென்றே என் தங்கை இருந்தாள். பிறந்த அன்று அடுத்த வார்டு வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாளாம். ஆலைச் சங்கு தோற்றுவிடும் போலிருக்கிறதே என்று யாரோ சொல்லப்போக, ‘சங்கு’ என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் கொடுத்து உங்கள் கையில் இருக்கிற நோயாளிப் பட்டியலில் ஆறாவதாக இருப்பவள் அவள்தான்.

நெறிமுறைக் குழுவான நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தொண்டை அறுவை மருத்துவன். குரல் நாண்களில் விழும் தழும்பை ஆற்ற முடியுமா என்று பதினான்கு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. குரல் நாண் என்பது கட்டைவிரல் நகத்தின் நீளத்துக்கு இரண்டு மடிப்பு, அவ்வளவுதான். மேலே மெல்லிய தோல், அதற்கடியில் கூழ் மாதிரி ஒரு அடுக்கு. மூச்சுப் பட்டால் அந்த அடுக்கு அலையடிக்கும். அதைத்தான் நாம் குரல் என்கிறோம். கத்தி அதைத் தாண்டி அரை மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டால், ஆறும்போது நார்நாராகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் வெறும் காற்றுதான் வரும்.

நாங்கள் தயாரித்த ஜெல் அந்தக் கூழை மறுபடி வளர வைத்தது. முயல்களுக்குத்தான், அதுவும் காயம்பட்ட ஆறு வாரத்துக்குள் ஊசி போட்டால் மட்டும். மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க முறையாக அனுமதியும் வாங்கினோம். ஆனால் எங்களைத் தேடி வந்தவர்கள் எல்லோருமே ஐந்து வருடம், பத்து வருடம் இறுகிப்போன தழும்போடு வந்தவர்கள். அவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது புதுத் தழும்பு. விழுந்த தேதியும் ஆழமும் தெரிந்த தழும்பு.

முதல் தடவை அது தவறித்தான் நடந்தது. பஸ் கண்டக்டர் ஒருவருக்குக் குரல் நாணில் இருந்த சின்னக் கட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். கை வழுக்கிவிட்டது. பதறிப்போய் மூன்றாம் வாரமே ஜெல் போட்டேன். மூன்று மாதம் கழித்து அவர் எங்கள் வராந்தாவில் நின்று, “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே” என்று தொழில்குரலில் கத்திக் காட்டினார். நர்ஸுகள் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டாவது ஆளுக்குக் கை வழுக்கவில்லை.

கண்டக்டரையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். எல்லோருமே கட்டியை எடுக்க வந்தவர்கள். கட்டியை ஒழுங்காகவே எடுத்தேன். கூடவே அரை மில்லிமீட்டர் கீழே இறங்கினேன். தழும்பு விழுந்தால் சோதனை மருந்துக்குச் சம்மதம், ஊசியில் மருந்தும் இருக்கலாம் உப்புத் தண்ணீரும் இருக்கலாம் என்று எல்லோரிடமும் கையெழுத்து இருக்கிறது. மூன்று பேருக்கு மருந்து, மூன்று பேருக்கு உப்புத் தண்ணீர். ஒப்பிட ஆள் இல்லாமல் எந்தப் பத்திரிகையும் ஆராய்ச்சியை ஏற்றுக்கொள்ளாது. உப்புத் தண்ணீர் கிடைத்தவர்களில் ஒருவர் ஊரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார். அந்தச் சமயத்தில்தான் சங்கு வந்தாள்.

அவள் மொத்தப் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவள். மேடையில் ஏறி நின்றால் மைக் தேவையில்லை. அப்படிக் கத்திக் கத்தித்தான் கட்டி வந்தது. “கத்தி உன் கையில இருக்கிறப்ப எனக்கென்ன அண்ணா பயம்? ஆனா ஒண்ணு, ரொம்ப இனிமையாக்கிடாதே, மார்க்கெட்டுல மதிக்க மாட்டாங்க” என்றாள். அவளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பேன். அவளுக்கு வந்த சீட்டில் ‘மருந்து’ என்று இருந்தது. அதை மடித்துத் திரும்பப் போட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். சொந்தத் தங்கை என்பதால் சலுகை காட்டினான் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது என்று நினைத்தேன். வாரம் தவறாமல் வருவாள், ஊரை விட்டுப் போக மாட்டாள், என்மேல் கோபப்பட மாட்டாள் என்பதும் தெரியும்.

அப்படியே வந்தாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பேன். வலது நாண் பலகை மாதிரி விறைத்து நிற்கும். மார்க்கெட்டில் அவளை மேடையிலிருந்து இறக்கி, மூலையில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். அவளுக்கு அதைவிட என்னைப் பற்றித்தான் கவலை. “எல்லாருக்கும் சரியாகுது, எனக்கு மட்டும் ஆகலயே. உனக்குக் கெட்ட பேரு வாங்கித் தரேன், இல்ல?” என்று காற்றுக் குரலில் கேட்பாள். நான் “ஆறும்மா, பொறு” என்பேன். ஆறு வாரம் தாண்டிவிட்டதால் இனி ஆறாது என்று எனக்குத் தெரியும்.

குற்றவுணர்வே இல்லை என்று நினைக்காதீர்கள். வியாழக்கிழமைகளில் சாப்பாடு இறங்காது. என் மனைவி வயிற்றுப்புண் என்று நினைத்துக்கொண்டு கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பகலில், சங்குவின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் குரல் போன பிறகு அவர்தான் அவளுக்காகக் கடையில் பேசுவார், போனில் பேசுவார். “என்ன மச்சான், கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல இப்பதான் நான் வாயத் திறக்க முடியுது” என்று என்னிடம் கேலி பேசுவார். அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

போன் கீழே வீட்டில் இருந்தது. தெருவிலோ நிறைய ஆட்கள். மாடியில் கூட இருந்த சங்கு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக் கீழே போட்டாள். பார்த்தார்கள். “ஏம்மா, கீழ ஆளுங்க நடக்கிறது கண்ணு தெரியலயா?” என்று திட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் மூன்று மாடியும் இறங்கி ஓடி ஒரு கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் என்னோடு படித்தவர்தான் பணியில் இருந்தார். பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

சங்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “கூப்பிட்டேன் அண்ணா. இருக்கிற மூச்சையெல்லாம் சேத்துக் கூப்பிட்டேன். யாருக்குமே கேக்கல.” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ என்ன பண்ணுவ? உன்னால முடிஞ்சதத்தான் பண்ணின” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

அதனால்தான் வந்திருக்கிறேன். ஆறு பேரையும் வெட்டியது நான்தான், முதல் ஆளைத் தவிர எல்லோரையும் தெரிந்தே. சீட்டை மாற்றியதும் நான்தான். நர்ஸுக்கோ உதவியாளர்களுக்கோ எதுவும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சங்குவுக்கு இது தெரியாது. நோயாளிகளுக்கு நீங்கள் அனுப்பப்போகிற கடிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் வர மாட்டாள். நாளை மறுநாள் வியாழக்கிழமை அவளுக்குப் பன்னிரண்டாம் மாதப் பரிசோதனை. ஒப்பிட்டுப் பார்க்க மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். கடிதத்தை வெள்ளிக்கிழமை அனுப்பினால் போதும். எனக்காகக் கேட்கவில்லை. அவள் பட்ட கஷ்டம் வீணாகப் போய்விடக் கூடாது, அதற்காகத்தான்.