தடித்த லிங்கன்

ஒரே மனிதரைப் பற்றி இரண்டு புத்தகங்கள் இருந்தால் மெல்லியதை எடுத்துக்கொள்வது நல்லது. சீக்கிரம் முடியும், கையில் கனக்காது. இப்போது யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

நல்லம்பள்ளியில் மிஷன்காரர்கள் ஒரு வாசிப்பறை வைத்திருந்தார்கள். ஒரு பெஞ்சும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியும்தான். ரோசம்மாள் என்பவர் வெள்ளிக்கிழமைதோறும் அதைத் திறந்து புத்தகம் கொடுப்பார். முன்பு அமெரிக்காவில் ஜனாதிபதியாக இருந்த லிங்கனின் வாழ்க்கை வரலாறு அதில் இரண்டு இருந்தது. ஒன்று நாற்பது பக்கம். இன்னொன்று அம்மிக்கல் மாதிரி. சின்ன லிங்கன், தடித்த லிங்கன் என்று நானாகப் பேர் வைத்துக்கொண்டேன்.

அது முப்பத்தொன்பதாம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள்.

"எழுத்துக் கூட்டத் தெரிஞ்சிருச்சு இல்ல, போதும். காரிய யாரு மேய்ப்பா, உங்கப்பனா?" என்றாள். காரி எங்கள் பசு.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள், "வுடு ராமக்கா. உம்மவ படிச்சிட்டுக் கலெக்டருக்கு வாக்கப்படப் போறா" என்றாள். அம்மா சிரித்தாள். எனக்கு வாய் வராது. பத்து வார்த்தை மனசில் இருந்தால் ஒன்றுதான் வெளியே வரும். அன்று அந்த ஒன்றும் வரவில்லை. அதே மாதம் என் பழைய நோட்டு ஒன்றின் தாள்களை அம்மா அடுப்புப் பற்றவைக்கக் கிழித்தாள். கிழித்த பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஊதுகுழலை எடுத்து ஊதினாள்.

காரியை ஓட்டிப்போகிற வழியில், அம்மாவுக்குத் தெரியாமல், நான் வாசிப்பறைக்குப் போய்வந்தேன். முதல் வாரம் சின்ன லிங்கன் கிடைத்தது. அதே நாள் சாயங்காலம் அதை முடித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது தடித்த லிங்கனை ரோசம்மாள் முன்னாலேயே எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்திருந்தார். "எவ்வளவு நாள் வேணுமோ வச்சிக்கோ, பாஞ்சாலி" என்றார். ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் தராதவர் அவர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

லிங்கனுக்கு ஒன்பது வயதில் தாய் இறந்துபோனார். சின்னப் புத்தகத்தில் இது ஒரு வரி. தடித்த புத்தகத்தில் நாலு பக்கம். காட்டு நிழலில் ஒரு செடி முளைத்திருந்தது. பசு அதைத் தின்றது. அந்தப் பசுவின் பாலைக் குடித்தவர்களுக்கு நடுக்கம் கண்டது. எதனால் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அப்பா ஒரு சிற்றன்னையைக் கூட்டிவந்தார். அவள் புத்தகங்கள் கொண்டுவந்தாள். பையன் படிக்கட்டும், யாரும் தொந்தரவு செய்யாதீர்கள் என்றாள். அந்தப் பக்கங்களை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. ஓரம் கறுத்துப்போயிற்று.

அம்மாவை நான் வெறுத்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நடந்த வரிசையை மட்டும்தான் பார்த்தேன். முதலில் பால், பிறகு சாவு, பிறகு சிற்றன்னை, பிறகு புத்தகங்கள். படிக்கிற பிள்ளைக்கு வழி அப்படித்தான் திறக்கும்போலிருக்கிறது என்று எண்ணினேன். அவ்வளவு பெரிய புத்தகத்தில் போட்டிருந்தார்கள்.

ஆடியில் அம்மாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் பசும்பால் குடிக்கச் சொல்லி வைத்தியர் போனார். அதுவரை டீக்கடைக்குப் போன பால் வீட்டிலேயே நின்றது. கறந்தது நான். காய்ச்சிக் கொடுத்ததும் நான்.

வத்தல்மலை அடிவாரத்தில் ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு செடி உண்டு. மாடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் போனால் மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துவந்துவிடுவார்கள். செடியின் பேரை நான் இங்கே எழுதவில்லை. யாராவது படிக்கக்கூடும். காரியை நான் அங்கே ஓட்டினேன். முதல் நாள் அது தின்ன மறுத்தது. அதனால் இரண்டு நாள் பட்டினி போட்டேன்.

தம்பி சின்னக்கண்ணுவுக்கு ஆறு வயது. பாலைக் கண்டால் விடமாட்டான். "அது மருந்து. நீ குடிச்சா அம்மா செத்துப்போயிரும்" என்றேன். பாவம், அதற்குப் பிறகு அவன் சட்டிப் பக்கமே வரவில்லை. அவன் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பது இதிலேயே தெரியும்.

அம்மா ஒரு நாளும் முழுக்கக் குடிக்கமாட்டாள். கடைசி ஒரு மடக்கை டம்ளரில் மிச்சம் வைத்து என்னிடம் நீட்டுவாள். "குடி புள்ள. வெயில்ல அலையற" என்பாள். நான் வாங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். தினமும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் கன்று செத்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புத்தகத்திலும் கன்றுகள் முதலில் செத்தன என்று இருந்தது. அன்று எனக்கு வந்தது பயமில்லை. அச்சில் இருப்பது சரியாக இருக்கிறதே என்று ஒரு நிம்மதி.

கன்று இல்லாவிட்டால் மாடு பால் சுரக்காது. அப்பா கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, நாலு குச்சியில் நிறுத்தினார். காரி அதை மோந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. அது நக்க நக்க நான் கறந்தேன்.

பதினாறாம் நாள் அம்மாவுக்குக் கால் நடுங்கியது. குடித்ததை வாந்தி எடுத்தாள். "பாலு ஒத்துக்கலியோ" என்று அப்பா கேட்டார். "வைத்தியரு சொன்னத வுடக்கூடாதுங்க" என்று அம்மாவே சொன்னாள். எனக்குத்தான் வாய் வராதே.

காரி படுத்தது, எழவில்லை. நாலு நாள் கழித்து அம்மா போனாள். மாட்டுக்கும் மனுஷிக்கும் ஒரே சமயத்தில் வந்ததால் மாரியம்மன் கோபம் என்று ஊர் சொன்னது. கூழ் ஊற்றினார்கள். அம்மாவைத் தூக்கும்போது சின்னக்கண்ணு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கலியே, அக்கா" என்றான். பல நாள் அதையே கேட்டான். இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. பால் சேர்ப்பதில்லை. கேட்பதும் இல்லை.

மறு வருஷம் கடத்தூரிலிருந்து எங்களுக்குச் சிற்றன்னையாகக் கோவிந்தம்மாள் வந்தாள். வண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அதைத் திறக்கிற வரை நான் பக்கத்திலேயே நின்றேன். நாலு சேலை, ஒரு கண்ணாடி, விதைக்கு வைத்த அவரைக்கொட்டை ஒரு முடிச்சு.

"என்னா புள்ள தேடற?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க."

நல்ல பெண். என்னை அடித்ததில்லை. எழுத்துத் தெரியாது. என் நோட்டுகளைப் பார்த்துவிட்டு எதற்கு இது என்றுகூடக் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தடித்த லிங்கனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரோசம்மாள் அதை வாங்கவில்லை.

"நீயே வச்சிக்கோ கண்ணு. உங்கம்மா உனக்காகக் கேட்டு வாங்கினது."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து அவர் உட்காரச் சொன்னார். நான் சின்னப் புத்தகத்தை முடித்த வாரத்தில் அம்மா அங்கே போயிருக்கிறாள். முந்தானையில் கொஞ்சம் கேழ்வரகு முடிந்துகொண்டு, படியேறாமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள். அவள் சொன்னதை ரோசம்மாள் அப்படியே சொன்னார்.

"எம்புள்ள இங்க வர்றது எனக்குத் தெரியும்ங்க. அதே ஆளப் பத்தித் தடியா இன்னொண்ணு வச்சிருக்கீங்களாமே, அதக் குடுங்க. சின்னது ஒரு நாள்ல தீந்துபோவுது. அப்புறம் நாள் முச்சூடும் மாட்டுகிட்ட சும்மா குந்திக்கிட்டு மொகத்தத் தொங்கப்போட்டுக்குது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. பயம் வுட்டுப்போயிரும்."

கேழ்வரகைப் பெஞ்சில் கொட்டிவிட்டுப் போனாளாம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ரோசம்மாளுக்குப் பதிலாக நான்தான் அலமாரியைத் திறக்கிறேன். லிங்கனைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சின்னதைக் கொடுக்கிறேன். அதில் தாய் ஒரே வரியில் இறந்துபோகிறார். தடித்தது என் நோட்டுகளோடு குதிருக்கு அடியில் இருக்கிறது.

ஓடைக்கரைக்குக் காரியை ஓட்டியது நான். கன்று செத்த பிறகும் ஓட்டியது நான். டம்ளரைக் கையில் கொடுத்ததும் நான்தான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிவைக்க வேண்டும். அந்த இரண்டு புத்தகங்களில் தடித்ததைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, அம்மாதான். நான் அதைப் படித்தேன், அவ்வளவுதான்.