காத்திருந்ததற்கு யார் தருவது?

என் முதல் பிரசவத்தில் டாக்டர் இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாமோ? மூன்று வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

போன வாரம் போத்தனூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் மடியில் இளநீர்க் குலை. அவர் மகளுக்குச் சுகப்பிரசவம் பார்த்த நர்ஸுக்காம்.

“ஏனுங்க, ஒரு குலையேவா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“பொழுதன்னிக்கும் எம்புள்ள முதுக நீவிக்கிட்டே நின்னுச்சுங்க அந்த அம்மணி. ஆப்பரேசன் பண்ணுனா காப்பீட்டுல ஆஸ்பத்திரிக்குச் சாஸ்தியாக் காசு வருமாமா. காத்துக்கிட்டு நின்னதுக்கு யாருங்க தர்றாங்க?”

“ரெண்டு பிரசவத்துக்கும் ஒரே காசாக் குடுத்துப்போட்டா, நீங்க இதையத் தூக்கிட்டு அலைய வேண்டாமுங்க.”

“அப்பவும் கொண்டாருவனுங்க!”

எனக்கு நடந்தது ஆப்பரேஷன். காப்பீட்டிலேயே எல்லாம் முடிந்து, என்னையும் மகனையும் நல்லபடியாக அனுப்பினார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இப்போது மறுபடியும் நான்கு மாதம், அதே டாக்டர். இந்த முறை கொஞ்சம் காத்திருந்து பார்க்க முடியுமா என்று அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? அப்படிக் கேட்டவர்கள் இருந்தால், என்ன சொல்லித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்களேன்.