முத்தாயி பேர்ல ஒரு நாள்

ஞானசுந்தரி: அது வெடிச் சத்தந்தானுங்க மாமா! நல்லாக் கேளுங்க... செம்மநத்தம் பக்கமிருந்துதான் வருது.

ஏசுராஜ்: எவனாச்சும் காட்டுப்பன்னிக்கு வெடி வெச்சிருப்பான். நீ மொளகப் பாத்து உதுரு.

ஞானசுந்தரி: பன்னிக்கு யாராச்சும் ஆயிரம் வாலா கொளுத்துவாங்களா? இருங்க, போனு அடிக்குது... அலோ, முத்தாயிக்கா?... என்னக்கா? அழுவாம சொல்லுங்க... ஏழா?... ஏழு வருசமா? மாமா! தலைவரு உள்ள போயிட்டாருங்க! ஏழு வருசம்!

ஏசுராஜ்: தோத்திரம் ஆண்டவரே!... அட, மொளகெல்லாம் கொட்டிப்புட்டியே.

ஞானசுந்தரி: கொட்டட்டுமுங்க! தீர்ப்பப் படிச்சதும் நெஞ்சு வலிக்குதுன்னாராமா. ‘ஜெயில்லயும் டாக்டரு இருக்காரு, வாங்க’ன்னு வண்டியில ஏத்திட்டாங்களாமா!

ஏசுராஜ்: ஹஹ்ஹா! ஒன்றியத் தலைவரா இருந்தப்ப ஜீப்புல முன் சீட்டத் தவுர உக்காரமாட்டாரு. இன்னிக்குப் பின்னாடி ஏத்திட்டாங்களா?

ஞானசுந்தரி: ஜட்ஜு என்ன சொன்னாருன்னு கேளுங்க. ‘முத்தாயி சொன்னது அத்தனையும் உண்மை’ன்னு எல்லார் முன்னாடியும் படிச்சாராமா. அக்கா அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லி அழுவுது.

ஏசுராஜ்: ஆறு வருசமாப் பொய்க்காரின்னு கூப்புட்ட ஊராச்சே... இப்ப என்ன சொல்லுதாமா?

ஞானசுந்தரி: மாலை போட்டு ஜீப்புல கூட்டிட்டு வர்றாங்களாமா. ராணி வந்து கட்டிப் புடிச்சுட்டு உடவே இல்லியாமா. பாவம், மலை சரிஞ்சு அவ புருசன் மண்ணுக்குள்ள போனதுக்கு இன்னிக்குத்தான நாயம் கெடச்சுது.

ஏசுராஜ்: லாட்ஜு கட்டோணும்னு மலைய அப்படிக் கொடஞ்சா, மழையில சரியாம என்ன பண்ணும்?

ஞானசுந்தரி: ‘நான் அந்தப் பக்கமே போவல, ஜேசிபிக்காரனே வெட்டிட்டான்’னு சாதிச்சாரே! கொடையப் புடிச்சு நின்னுட்டு ‘இன்னும் வெட்டுடா’ன்னு சொன்னத அக்கா கண்ணாலப் பாத்திருக்குது. அப்படியும் மொத தடவ உட்டுட்டாங்களே. எல்லாம் கோர்ட்டு பண்ணுன தப்புங்க.

ஏசுராஜ்: கோர்ட்ட எதுக்குத் திட்டற? கேச நடத்துனது யாரு? அந்தப் பழைய அரசாங்க வக்கீலு. பாதி வாய்தாவுக்கு ஆளே வரல. வந்த அன்னிக்கும் கொட்டாவி.

ஞானசுந்தரி: அவரு தூங்குனா ஜட்ஜு எழுப்பக்கூடாதுங்களா? பெரிய ஆளு வந்து நின்னா கோர்ட்டுக்கும் கண்ணு மங்கிப் போயிருது.

ஏசுராஜ்: இல்ல கண்ணு. முன்னாடி வெக்கறதத்தான் ஜட்ஜு பாப்பாரு. வக்கீலுதான் வெக்கோணும்.

ஞானசுந்தரி: வெச்சாரே, தலைவரோட வக்கீலு! எஸ்டேட்டு ரிஜிஸ்டரத் தூக்கிட்டு வந்து, ‘முத்தாயி அன்னிக்குக் காலையில காப்பி பறிச்சுட்டு இருந்துது, இந்தாப் பாருங்க’ன்னு. உசுரோட நிக்கற பொம்பளய உட்டுப்போட்டுக் காயிதத்த நம்புனாரு அந்த ஜட்ஜு!

ஏசுராஜ்: அந்த ரிஜிஸ்டர எழுதுன ரைட்டரு நானாச்சே.

ஞானசுந்தரி: நான் உங்களச் சொல்லலீங்க...

ஏசுராஜ்: கூண்டுல ஏத்தி, ‘இது உங்க கையெழுத்தா’ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். எறக்கி உட்டுட்டாங்க. நம்ம பக்கத்து வக்கீலு எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா...

ஞானசுந்தரி: கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா மாமா?

ஏசுராஜ்: மொதல்ல இந்தக் கொட்டுன மொளகப் பொறுக்கு.

ஞானசுந்தரி: நானும்தான் ஆறு வருசமாக் கோர்ட்டத் திட்டிட்டே திரியறேன். அன்னிக்கு அக்கா பேர்ல காப்பி பறிச்சது யாருங்க?

ஏசுராஜ்: மெதுவாப் பேசு.

ஞானசுந்தரி: எதுக்குங்க மெதுவா? அக்கா பையனுக்குக் காச்சல், அந்த வழியாத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சு. ஒரு நாள் நின்னாலும் மேனேஜரு பேர வெட்டிப்போடுவாரு. ஒருத்திக்கு முடியலைன்னா பக்கத்து ஊட்டுக்காரி அவ பேர்ல கூடையத் தூக்கிட்டு நிக்கறதும், ரைட்டரு டிக் போடறதும் நம்ம எஸ்டேட்டுல எப்பவும் நடக்கறதுதான? அன்னிக்கு நான் போனேன். நீங்க தலையக் குனிஞ்சுட்டே ‘முத்தாயி’ன்னீங்க. நான் ‘வந்தேனுங்க’ன்னேன்.

ஏசுராஜ்: ஒதவின்னு நெனச்சுத்தான் போட்டேன் கண்ணு. அந்த ஒரு டிக்கு அவளப் பொய்க்காரியாக்கிப் போட்டுது.

ஞானசுந்தரி: மாமா... ஒண்ணு சொல்லோணும். திட்டப்படாது.

ஏசுராஜ்: இன்னிக்குத் தலைவரயே திட்டத் தோணல. உன்னயா திட்டப் போறேன்? சொல்லு.

ஞானசுந்தரி: போன மாசம் சேலத்துக்குக் கண்ணாஸ்பத்திரி போறேன்னு போனேனுங்கல்ல... போனது கோர்ட்டுக்குங்க. மேல்கோர்ட்டு மறுபடி விசாரிக்கச் சொன்னதும், புதுசா வந்த அரசாங்க வக்கீலம்மா எனக்குச் சம்மன் அனுப்பிட்டாங்க. எஸ்டேட்டுலயே வந்து குடுத்தாங்க. கூண்டுல ஏறிச் சொல்லிட்டேன்... முத்தாயிக்கா பேர்ல பறிச்சது நான்தான், அக்கா அன்னிக்கு அங்க வரவே இல்லீன்னு.

ஏசுராஜ்: ரைட்டரப் பத்தி?

ஞானசுந்தரி: தெரிஞ்சேதான் எழுதுனாரான்னு கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரலீங்க. ஆமான்னுட்டேன். உங்களப் புடிச்சுட்டுப் போயிருவாங்களோன்னு அன்னிலருந்து சோறு எறங்கல. ஜீப்பு சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பாக்கறேன்.

ஏசுராஜ்: அதான் இப்படி எளச்சுப் போயிட்டியா!

ஞானசுந்தரி: சிரிக்கறீங்களா? மருமகளுன்னு பாக்காம மகளாட்டம் வெச்சிருக்கீங்க. உங்களயே காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கறேன்... சிரிக்கறீங்களே!

ஏசுராஜ்: சரி, ஒண்ணு சொல்லு. உன்ற பேருதான் அந்த ரிஜிஸ்டர்லயே கெடையாதே. வக்கீலம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?

ஞானசுந்தரி: முத்தாயிக்காதான் சொல்லியிருக்கும்.

ஏசுராஜ்: அவளா? அவ பேர்ல பறிச்சது யாருன்னு மொத கேசுலயே கொடஞ்சு கொடஞ்சு கேட்டாங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். தனக்காவ நின்ன புள்ளயக் காட்டிக் குடுக்கப்படாதுன்னு பொய்க்காரிப் பட்டத்த வாங்கிட்டுப் போனா. அவ சொல்லுவாளா?

ஞானசுந்தரி: அக்காவும் இல்லீன்னா... தெரிஞ்சது வேற யாருக்குங்க? மாமா?... நீங்களா?

ஏசுராஜ்: தை மாசம் பல்லு புடுங்கறேன்னு சேலம் போயி, உனக்கு முன்னாடியே கூண்டுல ஏறி எல்லாத்தயும் சொல்லிட்டு வந்தவன் நான். இந்தா, வாயத் தொறக்கறேன். எண்ணிப் பாரு கண்ணு, ஒண்ணாச்சும் கொறையுதான்னு!