எட்டாத ஈயக்குண்டு

தூண்டில் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைத் தூரமாக எறியத் தோளில் பலம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவ்வளவு பலம் வேண்டியதில்லை. இடது கை விரல்களுக்குச் சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். வலது கை குண்டைச் சுழற்றி விட்டதும் கயிறு இடது கை விரல்களுக்கு நடுவே ஓடும். பதற்றக்காரன் அங்கே அதை இறுக்கிவிடுவான். குண்டு பாதி வழியில் விழும், விரலும் அறுபடும். மற்றவையெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். குதிகாலிலிருந்து இடுப்பைத் திருப்புவது, குண்டு கண்ணுக்கு மேலே வரும்போது விடுவது, எதிர்க்காற்று அடித்தால் பக்கவாட்டில் தாழ வீசுவது எல்லாம் ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவைதான்.

என் பெயர் மரியகுழந்தை. கோவளத்துக் கடற்கரைக்காரன். எங்களுக்குக் கட்டுமரம் கிடையாது. கரையில் நின்று, அலை உடையும் இடத்தைத் தாண்டித் தூண்டிலை எறிந்துதான் பிழைத்தோம். அலைக்கு இந்தப் பக்கம் விழுந்தால் பட்டினி, அந்தப் பக்கம் விழுந்தால் சோறு. அது இரண்டு பேர் வேலை. ஒருவர் எறிய, இன்னொருவர் கயிற்றைச் சிக்கில்லாமல் மணலில் வளையம் வளையமாக அடுக்கித் தர வேண்டும். எனக்கு அடுக்கித் தந்தவள் என் தங்கை இசபெல்லா. உப்புநீரில் இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறிய கயிறு விறைப்பாக இருக்கும், எல்லோர் கைக்கும் படியாது. அவள் கைக்குப் படிந்தது. அவள் அடுக்கிக் கொடுத்து நான் எறிந்த தூரத்துக்கு எங்கள் கரையில் வேறு யாரும் எறிந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. இது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. எழுதிக்கொள்ளுங்கள்.

கோவில் திருநாளுக்கு எங்கள் ஊருக்கு வந்த பர்னபாஸ் அவளைப் பார்த்துப் பெண் கேட்டான். ஆம்பூர்ப் பக்கத்துக்காரன், இங்கே தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை. நல்லவன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கல்யாணம் முடிந்து அவளை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதன் பிறகு கயிறு அடுக்க எனக்கு ஆள் அமையவில்லை. யார் யாரையோ வைத்துப் பார்த்தேன், எல்லார் கையிலும் சிக்கியது. அம்மா இறந்ததும், தங்கையை ஊருக்கு அழைத்துப் போகலாம் என்று மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்கினேன். ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம்.

அவள் வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் போக எனக்கும் முடியவில்லை. அவர்களுடைய மூங்கில் தட்டி வீட்டில் ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டேன். பர்னபாஸ் சொல்லி அவனுடைய ஷிஃப்டிலேயே வேலையும் கிடைத்தது. ஆட்களை ஏற்றிய கேஜ் என்ற இரும்புக்கூண்டு ஷாஃப்ட் குழியில் கீழே இறங்கும்போது காதுக்குள் கடல் இரைவது போல இருக்கும். காது அடைத்துக்கொள்வதுதான் அது. எச்சில் விழுங்கினால் நின்றுவிடும் என்றார்கள். நான் விழுங்க மாட்டேன். கீழே போனால் தலைக்கு மேலே பாறை, இரண்டு பக்கமும் பாறை, நடுவே வேர்வையும் மெழுகுவர்த்திப் புகையும். திறந்த வானத்தின் கீழ் வளர்ந்தவனுக்கு அது உயிரோடு புதைபடுவதுதான். மேலே வந்தால் தட்டி வீட்டில் அவர்கள் இருவரும் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மூச்சு முட்டுவதில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊருக்குப் போய்விடலாம் என்று அவளிடம் பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

“அவரு இங்க இருக்கறப்ப நான் எப்டிண்ணா வர்றது?”

நியாயமான பதில். அவன் இங்கே இருக்கும்வரை அவள் வர முடியாது. அதைக் கேட்டு நான் கோபப்பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மூவரும் வண்டி பிடித்துப் பேத்தமங்களா ஏரிக்குப் போவோம். எங்கள் ஷாஃப்ட்டின் அதிகாரி கிளாரன்ஸ் துரையும் அங்கே வருவார். அவரிடம் சக்கரம் வைத்த நீளத் தூண்டில்கோல் இருந்தது. சீமையில் கடற்கரையில் நின்று எறிந்த பழக்கம் அவருக்கு, அந்த ஏக்கத்தை ஏரியில் தீர்த்துக்கொண்டார். அவர் கோலால் எறிவார், நான் வெறுங்கையால் எறிவேன். இசபெல்லா கயிறு அடுக்கினால் என் குண்டு அவருடையதைத் தாண்டி விழும். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொள்வார். அந்தப் பொழுதுகளில் மட்டும் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஒரு நாள் பர்னபாஸ் தானும் கயிறு அடுக்குவேன் என்றான். அவள் அவன் கைகளைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். நான் எறிந்தேன். கயிறு முடிச்சு விழுந்து, குண்டு கரையோரச் சேற்றில் பொத்தென்று விழுந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழைக்காலத்தில், சுரங்கத்துக்குள் ஒரு பழைய வழியில் தரை உள்வாங்கியது. பர்னபாஸ் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். கால் ஒன்று நசுங்கியிருந்தது. அவன் பின்னால் பாறை சரிந்து அடைத்திருந்தது. அவனுக்கும் எங்களுக்கும் நடுவே பள்ளம், பள்ளம் நிறையச் சேறு, அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீராக இருந்தால் நீந்தியிருப்பேன். சேற்றில் இறங்கிப் பார்த்த ஒருவனை மார்பளவு மூழ்கியபோது வெளியே இழுத்துப் போட்டோம். மெல்லிய கயிறு ஒன்றை அவனிடம் எறிந்து சேர்க்க முடிந்தால், அதன் நுனியில் பெருங்கயிற்றைக் கட்டி அனுப்பி, அவன் இடுப்பில் சுற்றிக்கொண்டதும் இழுத்துவிடலாம். கிளாரன்ஸ் துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பி என் கயிற்றையும் குண்டையும் வரவழைத்தார்கள்.

கூரை தாழ்வு, மேலே சுழற்ற முடியாது. ஆனால் எதிர்க்காற்றுக்குத் தாழ வீசும் எறி உண்டு என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இடமிருந்தது. தூரமும் பெரிதில்லை. கோவளத்து அலையில் பாதிகூட இராது.

முதல் எறி தானாகவே எட்டாமல் போனது. கயிற்றை அடுக்கியவனுக்குப் பழக்கமில்லை. பர்னபாஸ் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான்.

“அவசரப்படாத மச்சான். நான் எங்க போய்டப் போறேன்.”

அந்த நிலையிலும் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. உண்மைதான், இவன் எங்கும் போக மாட்டான். இவன் இருக்கும்வரை அவளும் போக மாட்டாள். நானும் போக மாட்டேன்.

இரண்டாவது எறி நல்ல எறி. கையை விட்டுப் போகும்போதே எட்டிவிடும் என்று தெரிந்தது. இடது கை ஆள்காட்டி விரல் கயிற்றின் மேல் படிந்தது. அழுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். படிந்தது. குண்டு அவன் நீட்டிய கைக்கு முன்னால் சேற்றில் விழுந்தது.

அதன் பிறகு நிறைய எறிந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் பார்ப்பவர்களுக்கு விநோதமாக இருக்கும், அதனால் சிலவற்றைப் பக்கத்தில் விலக்கினேன். சில மிகவும் குறைந்தன, சில மயிரிழையில் தவறின. நன்றாக எறிவது சுலபம். நன்றாக எறிவது போலத் தெரிந்து எட்டாமல் எறிவதற்குத்தான் கைவரிசை வேண்டும். அவன் மெழுகுவர்த்தியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்து எறியச் சொன்னான். கை வலித்தால் கொஞ்சம் உட்கார்ந்து எறியச் சொன்னான். சேறு அவன் இடுப்புக்கு வந்த பிறகு அப்படி எதுவும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னான்.

“இசபெல்லாவ ஊருக்குக் கூட்டினு போயிடு, மச்சான். இங்க வுட்டுடாத.”

அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அது வரை மனதில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது, பிறகு இல்லை. அதற்கப்புறமும் எறிந்துகொண்டுதான் இருந்தேன். மெழுகுவர்த்தி அணைந்த பிறகும் எறிந்தேன். கிளாரன்ஸ் துரைதான் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். என் விரல் எலும்பு தெரிய அறுந்திருந்தது. தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டு அழுதார். வீட்டில் இசபெல்லா அந்தக் கட்டை அவிழ்த்து மஞ்சள் வைத்தாள். விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

காரியங்கள் முடிந்ததும், ஊருக்குக் கிளம்பலாம் என்றேன். பர்னபாஸ் சொன்னதையும் சொன்னேன். உடலை எடுக்க முடியாமல் அந்த வழியை அடைத்திருந்தார்கள். அவள் ஷாஃப்ட் இருக்கும் திசையைக் காட்டினாள்.

“அவரு இங்கதானண்ணா இருக்காரு.”

அதை நான் யோசித்திருக்கவில்லை.

கிளாரன்ஸ் துரைக்கு ஒரு எண்ணம் வந்தது. நான் இன்னும் கொஞ்சம் பழகியிருந்தால் எட்டியிருக்கும், பழக வைக்காதது தன் தவறு என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சயனைடு மணல் கொட்டிய வெளியில், அந்தப் பள்ளத்தின் அகலத்துக்கு இரண்டு கற்களை நட்டார். இனி எவனும் அப்படிச் சாகக் கூடாதாம். ஷிஃப்ட் முடிந்ததும் நானும் இன்னும் சிலரும் அங்கே எறிந்து பழக வேண்டும். என்னைத் தினமும் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் மெதுவாகத் தேறுவது போலக் காட்ட வேண்டியிருந்தது. நேற்றைவிட இன்று ஒரு முழம் கூட, நாளை இன்னொரு முழம். வெள்ளை மணல், தூரத்தில் வானம், கையில் கயிறு. கடற்கரை போலவே இருந்தது, ஆனால் ஆசை தீர ஒரு எறி எறிய முடியாது. கீழே பாறைக்குள் இருந்ததைவிட அது கொடுமை.

போன சனிக்கிழமை இசபெல்லா அங்கே வந்தாள். என் பின்னால் மணலில் உட்கார்ந்து கயிற்றை அடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சரசரப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. என் குதிகால் தானாகத் திரும்பியது. குண்டு பறந்தது, ஐயா. இரண்டாவது கல்லைத் தாண்டி, அதற்கும் அப்பால் முட்புதருக்குள் போய் விழுந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். துரை ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

அவர் போனதும் அவள் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. பழைய தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

“அன்னிக்கி இது எப்டிண்ணா அறுந்துச்சி?”

அன்று நீ கயிறு அடுக்கவில்லையே, அதனால்தான் என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. யோசித்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டால் அவளுக்கும் மனது ஆறும், இந்த ஊரோடு இருக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்று பட்டது. அதனால்தான் நானாக இங்கே வந்தேன். முதலில் சொன்னதில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். விரல் படிந்தது என்றேன். படியவில்லை. நான்தான் அழுத்தினேன், ஒவ்வொரு எறிக்கும் அழுத்தினேன். பர்னபாஸைக் கொன்றது அந்தச் சேறு இல்லை, நான்.

இசபெல்லாவும் என்னுடன் இங்கே வரை நடந்து வந்தாள். வெளியே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போனவர் திரும்பி வெளியே வருவாரா என்று வாசலில் நிற்கும் போலீஸ் சேவகரிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அவளுக்கு எப்போதும் என்னைப் பற்றித்தான் கவலை. கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடியுங்கள், ஐயா. சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும், நாங்கள் இரண்டு பேர்.